ஆழமில்லாத உப்பங்கழிக்கு எந்த லூர்? வேலூர்ப் பக்கத்துத் தூண்டில்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

குடியாத்தம், ஆற்காடு, காட்பாடிப் பக்கங்களிலிருந்து கடற்கரைக்குத் தூண்டிலோடு போய்வரும் நண்பர்களில் பெரும்பாலோர் ஏரியில் விரால் பிடித்துப் பழகியவர்கள். உப்பங்கழிக்கு முதல் முறை கிளம்பும் முன் அவர்கள் என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: எந்த லூர், அதாவது எந்தச் செயற்கை இரை? முழங்காலில் தொடங்கி இடுப்பு வரை ஆழமுள்ள தண்ணீரில் வீசுவதற்கு மிதக்கும் மின்னோவை வாங்குவதா, நீர்ப்பரப்பிலேயே ஓடும் பாப்பர், பென்சில் வகையை வாங்குவதா, கடைகளில் ரப்பர் மீன் என்று கேட்டால் எடுத்துத் தரும் சாஃப்ட் பிளாஸ்டிக்கை வாங்குவதா? கையில் 1,500 ரூபாய் இருக்கிறது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த இரண்டு விவரங்களும் என் பதிலில் பாதியைத் தீர்மானித்துவிடுகின்றன.

வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரையைத் தொடச் சுமார் 140 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அதே பாலாறுதான் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலோடு சேர்கிறது. வடக்கே போகிறவர்கள் முட்டுக்காடு, கோவளம் கழிகளுக்கும், இன்னும் தள்ளிப் பழவேற்காட்டுக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் நமக்கும் கரையோரத்துக்காரருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: அவர் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், பார்த்துப் போவார், நாம் ஞாயிறு பார்த்துப் போகிறோம். ஏற்றமும் வற்றமும் நாளொன்றுக்கு இரண்டிரண்டு முறை வந்து, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகின்றன. ஆகவே நாம் போய் நிற்கும் விடியற்காலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம், வற்றிக்கொண்டிருக்கலாம், அசையாமலும் கிடக்கலாம். எந்த ஓதத்தில் போய் நின்றாலும் நம்மை வெறுங்கையோடு உட்கார வைக்காத லூர் எது என்பதுதான் வேலூர்க்காரருக்கு உரிய கேள்வி.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, லூர் உண்மையில் ஓடும் ஆழம். ஆழம் குறைந்த நீருக்கான லூர் என்று நான் இங்கே சொல்வது மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஓடும் வகையை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆழம் ஒரு வழிகாட்டுதல்தான். தடிமனான தூண்டில் நரம்பு தண்ணீரில் அதிகமாக இழுபடுவதால் லூர் மேலேயே நிற்கும், இழைகளைப் பின்னிச் செய்த மெல்லிய பிரெய்ட் நரம்பில் அதே லூர் கீழே போகும். ராடின், அதாவது தூண்டில் கோலின், முனையை உயர்த்திப் பிடித்தாலும் ஆழம் குறையும்.

இரண்டாவது, அடித்தரை. நம் கழிகளில் சேறும் மணலும் மட்டும் இருப்பதில்லை. சிப்பிப் படுகை, அலையாத்தி வேர், பாலத்தின் பழைய கருங்கல், அறுந்து கிடக்கும் வலைத்துண்டு, கடற்பாசி என்று கொக்கி மாட்டிக்கொள்ள நூறு இடம் உண்டு.

மூன்றாவது, வீச்சுத் தூரமும் காற்றும். விடியலில் நிலக்காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும், முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று முகத்துக்கு எதிரே திரும்பும். ஆறு மணிக்கு நாற்பது மீட்டர் பறந்த லூர் பதினொரு மணிக்கு இருபது மீட்டரில் விழுந்துவிடும்.

நான்காவது, தண்ணீரின் தெளிவு. ஐந்தாவது, கைப்பழக்கம் வரத் தேவைப்படும் நாட்கள், ஏனென்றால் மாதம் ஒருமுறை வீசுகிறவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு காலைப்பொழுதுகள்தாம் கிடைக்கின்றன. கடைசியாக, செலவு. கடையில் கொடுக்கும் விலை இதில் சிறு பகுதிதான். இருசக்கர வண்டியில் போய்வர ஆறு லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் ஆகிறது என்றால், சிக்கெடுப்பதிலும் முடிச்சுப் போடுவதிலும் போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

எந்த மீனை எதிர்பார்க்கிறோம் என்பதை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. இந்த ஆழத்தில் நாம் தேடுவது பெரும்பாலும் கொடுவா. அதோடு குட்டிப் பாறை மீன், சீலா, சில இடங்களில் காலா. இவை எல்லாமே மடவைக் குஞ்சையும் இறாலையும் துரத்துபவை, மூன்று வகை லூரையும் எடுப்பவை.

மிதக்கும் மின்னோ

மின்னோ என்பது சிறு மீனின் வடிவில், தாடையில் ஒரு சிறு தகடு பொருத்திய லூர். அந்தத் தகட்டை லிப் என்பார்கள். பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ராபலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட்டைச் சுற்றிவரும் வெள்ளித்தாளை அதன் மேல் ஒட்டிச் செய்த லூரிலிருந்து வளர்ந்துவந்த வகை இது. காயம்பட்ட சிறு மீன் கொஞ்சம் தள்ளாடி நீந்துவதைப் பெரிய மீன் குறிவைத்துத் தாக்குகிறது என்பதைக் கவனித்து அந்தத் தள்ளாட்டத்தை மரத்துண்டில் கொண்டுவந்தார் அவர். இன்றைக்கும் மின்னோவின் உயிர் அந்தத் தள்ளாட்டம்தான். லிப் சிறியதாகவும் செங்குத்தாகக் கீழ்நோக்கியும் இருந்தால் லூர் மேலே ஓடும். நீளமாக, மூக்குக்கு நேராக நீண்டிருந்தால் ஆழத்துக்குப் போகும். கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த லிப்பைப் பாருங்கள். கழிக்கு வேண்டியது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய, செங்குத்தான லிப்.

இதன் பெரிய வலிமை, சுற்றுவதை நிறுத்தியவுடன் மேலே எழும்புவது. சிப்பிப் படுகையில் லூர் தட்டுவது ராடின் வழியே கையில் தெரியும். அந்தக் கணத்தில் ரீலைச் சுற்றாமல் நரம்பைத் தளர்த்திவிட்டால், மின்னோ தானாகப் பின்வாங்கி எழும்பிவிடும். பதறி இழுத்தால்தான் கொக்கி ஏறிக்கொள்ளும். கொடுவா பெரும்பாலும் அடிப்பதும் அப்படி நின்று எழும்பும் அந்த இரண்டு நொடிகளில்தான். சுற்று, சுற்று, நிறுத்து என்ற ஓட்டத்தை ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிடலாம்.

ஏரியில் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. இது சிறிய எண்ணாகத் தோன்றும். 10 கிராம் எடையுள்ள ஒரு மின்னோவின் கன அளவு 11 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோர்தானா அணைத் தண்ணீரில் அதை மேலே தள்ளும் மிச்ச விசை 1 கிராம் அளவு. கடல்நீரில் அது 1.27 கிராமைத் தாண்டுகிறது. அதாவது எழும்பும் விசை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஏரியில் மெல்ல எழும்பிய லூர் கழியில் சட்டென்று மேலே வந்துவிடுவதும், நல்ல தண்ணீரில் நடுவில் அப்படியே நிற்கும் லூர் கழியில் மிதக்கத் தொடங்குவதும் இதனால்தான். வீட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் கிட்டத்தட்ட கடல்நீரின் உப்பு வந்துவிடும். அதில் லூரை அமிழ்த்தி விட்டு, எழும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். கழியின் உப்பும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் சேர்ந்து குறையும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் சில கழிகளில் கடலைவிடக் கூடுவதும் உண்டு.

மறைசெலவுகளில் முதலிடம் கொக்கிக்கு. மலிவு மின்னோக்களோடு வரும் மும்முனைக் கொக்கிகள் பெரும்பாலும் ஏரி மீனுக்குப் போதுமானவை, அவ்வளவுதான். இரண்டு கிலோ கொடுவா ஒருமுறை தலையை உதறினால் நிமிர்ந்துவிடும், இரண்டு பயணத்தில் துருப்பிடித்துவிடும். நல்ல கொக்கியும், அதை லூரோடு கோக்கும் ஸ்பிலிட் ரிங் என்ற சிறு வளையமும் மாற்ற, லூரின் விலையில் பாதியைத் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கிறது. உள்ளூரில் நான் வாங்கும் மின்னோ 300 ரூபாய் அளவில் கிடைக்கிறது, ஜப்பானியத் தயாரிப்புகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. கொக்கி மாற்றிய 300 ரூபாய் மின்னோ, மாற்றாத ஆயிரம் ரூபாய் மின்னோவுக்கு நம் கழிகளில் பின்தங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது மறைசெலவு வேறொருவர் தலையில் விழுவது. மூன்று மூன்றாக ஆறு முனைகள் தொங்கும் லூர் ஒரு வலையில் மாட்டினால், அதை எடுப்பதற்குள் பத்துக் கண்ணிகள் அறுந்துபோகும். ஒருமுறை பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே விடியல் இருட்டில் மிதவைகளைக் கவனிக்காமல் வீசி, ஒருவருடைய வலையில் என் மின்னோ மாட்டிக்கொண்டது. வலைக்காரர் வந்து சேர்ந்தபோது நான் ஸ்பிலிட் ரிங்கைக் கழற்றிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நடுத்தண்ணியில என்ன தேடுற? தண்ணி வத்துது பாரு, மடவைக் குஞ்செல்லாம் அந்த வாய்க்கா வாயிலதான் இறங்கும். அங்க போடு" என்றார். "சரிங்கண்ணே" என்று நகர்ந்து போட்டேன். அன்றைய ஒரே கொடுவா அங்கேதான் கிடைத்தது. பழவேற்காட்டில் மீனவர்களுக்குள் பாடு முறை என்று ஓர் ஒழுங்கு உண்டு. யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்பதை அவர்களே முறைவைத்து நடத்திவருகிறார்கள். அப்படிப்பட்ட நீரில் பொழுதுபோக்குக்குப் போகும் நாம் எங்கே வீசலாம் என்று கேட்டுவிட்டு வீசுவதுதான் முறை. மும்முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும், பிடித்த மீனை விடுவதும் எளிது. எடை குறைவதால் லூர் இன்னும் சற்று வேகமாக எழும்பும். அந்த வாளிச் சோதனையை மறுபடியும் செய்து கொக்கியின் அளவை முடிவு செய்யலாம்.

பாசி மண்டிய நீரில் மின்னோ பயனற்றது. ஒவ்வொரு வீச்சிலும் லிப்பில் பாசி சிக்கித் தள்ளாட்டம் நின்றுவிடும். அங்கே பிடிவாதமாக இதையே வீசிக்கொண்டிருப்பது காலைப்பொழுதை வீணாக்குவதாகும்.

நீர்ப்பரப்பில் ஓடும் லூர்கள்

வாய் குழிந்து தண்ணீரைத் துப்பும் பாப்பரும், இடவலமாக வளைந்து வளைந்து வரும் பென்சிலும் இந்த வகையில் அடங்கும். அடித்தரை என்ற கவலையே இவற்றுக்கு இல்லை. கணுக்கால் ஆழத்திலும் ஓடும், சிப்பிப் படுகையின் மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றாலும் ஓடும். பின்பகுதியில் எடை வைத்துச் செய்திருப்பதால் மூன்று வகைகளிலும் நீண்ட தூரம் பறப்பது பென்சில்தான். எதிர்க்காற்றிலும் ஓரளவு போகும்.

ஆனால் இவற்றுக்கு உரிய நேரம் மிகக் குறுகியது. கிழக்கு வெளுப்பதிலிருந்து வெயில் தண்ணீரில் சாய்வாக விழத் தொடங்கும் வரை, பிறகு மாலையில் ஒரு மணி நேரம், மேகமூட்டமான நாளில் இன்னும் கொஞ்சம். வேலூரிலிருந்து இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் அந்த நேரம் கைக்கு வரும். தேநீருக்கு நின்று ஆறரை மணிக்குப் போய்ச் சேர்கிறவருக்குப் பென்சில் நல்ல முதலீடு ஆகாது. காற்றால் சிற்றலை எழுந்துவிட்டாலும் அதன் அசைவு மீனுக்குத் தெரிவது குறைந்துவிடும்.

இன்னொரு சிக்கல், தவறிப்போகும் அடிகள். கொடுவா இரையைப் பல்லால் கவ்வுவதில்லை, வாயைச் சட்டென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. நரம்பு விறைப்பாக இருந்தால் மிதக்கும் லூர் அந்த உறிஞ்சலோடு வாய்க்குள் போகாது. சத்தம் பெரிதாகக் கேட்கும், தண்ணீர் குழியும், லூர் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். சத்தம் கேட்டவுடன் ராடை உதறுகிற கை இதில் தோற்றுக்கொண்டே இருக்கும். மீனின் எடை கையில் தெரியும் வரை பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமை நம் ஊர் விரால்காரர்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. தவளை லூரை விரால் விழுங்கிக் கீழே இழுக்கும் வரை காத்திருந்து பழகிய கை அது. அந்த வகையில் கடலோர நண்பர்களைவிட நாம் ஒரு படி முன்னே நிற்கிறோம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பென்சிலை இடவலமாக நடத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். தளர்ந்த நரம்பில் மணிக்கட்டால் சிறு சிறு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கால் சுற்று ரீல். இந்தத் தாளம் கைக்கு வர எனக்கு நான்கு பயணங்கள் ஆயின. ஊர் ஏரிக்கரையில் முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம். ஆனால் ஏரிகளின் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்படுவதால், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீசுங்கள்.

சாஃப்ட் பிளாஸ்டிக்

ரப்பர் மீன், ரப்பர் இறால், வால் துடிக்கும் புழு என்று பல உருவங்களில் வருகிறது. ஆழம் குறைந்த நீருக்கு இதை இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று, தலையில் எடை பொருத்திய கொக்கியான ஜிக் ஹெட்டில், மூன்று முதல் ஐந்து கிராம் வரையுள்ளதில், கோர்ப்பது. மற்றொன்று, வளைந்த அகலக் கொக்கியில் கோர்த்து, அதன் முனையை ரப்பரின் முதுகுக்குள்ளேயே மறைத்து வைப்பது. இரண்டாவது விதத்தை வீட்லெஸ் என்பார்கள். முனை வெளியே தெரியாததால் பாசிக்குள்ளும் அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் இது வழுக்கிக்கொண்டு வரும். மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் முனை வெளியே வரும்.

வேலூர்க்காரருக்கு இந்த வகையில் தனிச் சலுகை ஒன்று இருக்கிறது. பாசிக்குள் வீட்லெஸ் ரப்பரை இழுத்துவரும் இதே வேலையை வாரநாள் மாலையில் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளின் ஓரத்தில் விராலுக்காகச் செய்யலாம். ராடு, ரீல், நரம்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை, லூருக்கு முன்னால் கட்டும் லீடர் நரம்பை மட்டும் தடிமனாக்கிக்கொண்டால் போதும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல் கூர்மையானது, மெல்லிய லீடரைச் சீவிவிடும். மாதம் ஒருமுறை கடலுக்குப் போகிறவருக்கு, நடுவில் உள்ள நாட்களிலும் பயன்படும் லூர் இது ஒன்றுதான்.

வற்றம் முடியும் தறுவாயில், தண்ணீர் எல்லாம் நடு வாய்க்காலுக்குள் ஒடுங்கிவிட்ட நேரத்தில், மற்ற இரண்டும் மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். ரப்பர் இறால் மட்டும் அடியோரம் துள்ளித் துள்ளி வரும். கலங்கல் தண்ணீரிலும் மெதுவாக இழுத்தால் மீனுக்கு அதைக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரை நிறைய ஓடியதைப் போன்ற பெருவெள்ளத்துக்குப் பிறகு முகத்துவாரத்தில் வீசுவது வீண்தான். ஆனால் சாதாரண மழைக்குப் பிந்தைய தேநீர் நிறத் தண்ணீரில் நான் முதலில் எடுப்பது கருநிற ரப்பர்.

இனி இதன் மறைசெலவுகள். பொட்டலம் 250 முதல் 400 ரூபாய் வரை விற்கிறது, உள்ளே ஐந்து இருக்கும். மலிவு என்று தோன்றும். ஆனால் நம் கழிகளில் பேத்தை மீன் நிறைய உண்டு. அதன் தட்டையான பல் ரப்பரின் வாலைக் கத்தரிக்கோலால் வெட்டியது போல் நறுக்கிவிடும். கையில் ஒரு சிறு தட்டல்கூடத் தெரியாது, எடுத்துப் பார்த்தால் வால் இருக்காது. ஒரே காலையில் ஒரு பொட்டலம் முழுவதையும் இப்படி இழந்திருக்கிறேன். சீலா வந்தாலும் இதே கதிதான். அறுந்து தண்ணீரில் விழும் ரப்பர் மட்காது என்பதும் என்னை உறுத்துகிறது. வெட்டுப்பட்ட உடல்களையாவது பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருகிறேன்.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊரில் மூடிய காருக்குள் வைத்த ரப்பர் என்ன ஆகும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கத்திரிக் காலம் தேவைப்பட்டது. ஒரே பெட்டியில் இரண்டு மின்னோக்களோடு சேர்த்துப் போட்டிருந்த ரப்பர் மீன்கள் உருகி, மின்னோவின் பூச்சைக் கரைத்து, இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. விரலால் தொட்டால் பாகு போல் இழுபட்டது. வெயில் இல்லாவிட்டாலும் ரப்பரில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய் மற்ற லூர்களின் பூச்சைத் தின்றுவிடும். எனவே ரப்பரை அதன் சொந்தப் பொட்டலத்திலேயே, தனியாக, வீட்டுக்குள் வையுங்கள்.

எடை குறைவு என்பதால் எதிர்க்காற்றில் ரப்பர் தோற்றுவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு இதை வீசுவதென்றால், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி மறுகரைக்கு நடந்து போக வேண்டும்.

ஸ்பூன் பற்றி ஒரு வார்த்தை

உலோகத் தகடான ஸ்பூனையும் சிலர் கேட்கிறார்கள். நன்றாகப் பறக்கும், மலிவானது, சீலாவும் பாறையும் எடுக்கும். ஆனால் சுற்றுவதை நிறுத்தியதும் கல் போல் விழும். இடுப்பளவுக்குக் குறைந்த சிப்பித் தரையில் இதை நான் பரிந்துரைப்பதில்லை. திறந்த மணற்கரையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | மிதக்கும் மின்னோ | பாப்பர், பென்சில் | வீட்லெஸ் ரப்பர் |
|---|---|---|---|
| ஓடும் ஆழம் | கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் | மேற்பரப்பு மட்டும் | இழுக்கும் வேகத்தைப் பொறுத்து மேலிருந்து அடி வரை |
| சிப்பி, கல் | தளர்த்தினால் தப்பும் | சிக்கல் இல்லை | ஓரளவு தப்பும் |
| பாசி, வேர் | ஆகாது | மெல்லிய பாசி வரை | மிக நன்று |
| எதிர்க்காற்று | நடுத்தரம் | நன்று | மோசம் |
| கலங்கல் நீர் | நடுத்தரம் | பாப்பர் மட்டும் | நன்று |
| பழக ஆகும் காலம் | ஒரு காலை | பல பயணங்கள் | இரண்டு, மூன்று பயணங்கள் |
| மறைசெலவு | கொக்கி, ஸ்பிலிட் ரிங் | தவறும் அடிகள், குறுகிய நேரம் | பேத்தை, வெயில் |

யாருக்கு எது

சூரியன் எழும் முன் தண்ணீரில் நிற்கப்போவது உறுதி, ஏற்றம் நிறைந்து கரையோரப் புல்வரை தண்ணீர் ஏறியிருக்கிறது, காற்றும் இல்லை என்றால், பென்சிலைக் கட்டுங்கள். அந்த நிலையில் வேறெதுவும் அதற்கு ஈடில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறுகளில் இந்த வாய்ப்பு கூடுதல். சென்னைக் கரையில் ஓதத்தின் உயர வேறுபாடு பெரிய அளவில் இல்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் முழங்கால் ஆழக் கழியில் அந்த ஒரு மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

தண்ணீர் வற்றத் தொடங்கி வாய்க்கால் வாய்கள் வழியே மடவைக் குஞ்சு இறங்கும் நேரத்துக்கும், தரை எப்படி என்று தெரியாத புதிய இடத்துக்கும் மின்னோதான். அங்கே அரை மணி நேரம் வீசினால், எங்கே கல் இருக்கிறது, எங்கே பள்ளம் இருக்கிறது என்பது கையில் வரைபடமாகப் பதிந்துவிடும். ஏழு மணிக்குப் போய்ச் சேரும் குடும்பஸ்தர்களுக்கும் இதுவே.

அலையாத்திக் காட்டு ஓரம், பாசி மண்டிய கோடைக் கழி, வற்றிய வாய்க்கால், மழைக்குப் பிந்தைய கலங்கல் ஆகியவற்றுக்கு ரப்பர். கடலுக்குப் போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், மற்ற நாட்களில் ஏரிதான் என்கிறவர் ரப்பரிலிருந்தே தொடங்கலாம்.

எதை எடுத்துப் போனாலும், கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கரையிலும் பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலயப் பகுதியிலும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது, கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் பெரிய கொடுவா கிடைத்தால் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கொடுவா ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இந்த மீனைப் பண்ணையில் முட்டையிடச் செய்து குஞ்சு எடுத்த பிறகு, தட்டில் வைக்கக் கொடுவா வேண்டுமென்றால் வளர்ப்பு மீன் கிடைக்க வழி ஏற்பட்டிருக்கிறது.

இனி அந்த 1,500 ரூபாய்க்கு வருகிறேன். 9 சென்டிமீட்டர் நீளமுள்ள, சிறு லிப் கொண்ட மின்னோ இரண்டு வாங்குங்கள், ஒன்று வெள்ளி நிறம், ஒன்று கருமை கலந்த தங்க நிறம். இது 600 ரூபாய். அவற்றுக்கு மாற்றுக் கொக்கியும் ஸ்பிலிட் ரிங்கும் 300. ரப்பர் மீன் ஒரு பொட்டலம் 300. அதற்கான அகலக் கொக்கி 150. மீதமுள்ள 150 ரூபாய்க்கு ஸ்பிலிட் ரிங் திறக்கும் சிறு குறடு. பென்சிலை நான்காவது பயணத்துக்குப் பிறகு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து கிளம்புவது உங்களுக்குப் பழகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வந்த அன்றே லூர்களை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும் என்பதால், கடைசி அலசலைக் குடிதண்ணீரில் முடித்து, துணியால் துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே பெட்டியை மூடுங்கள்.